இடது காதுக்கு நீலம்

முன்வரிசையில் உட்கார்ந்தால் பாட்டு சரியாகக் கேட்காது. பலருக்கு இது தெரிவதில்லை. டிக்கெட் விற்பனை தொடங்கியதும் முண்டியடித்து முன் இருக்கையை வாங்கிவிடுகிறார்கள். பெரிய ஸ்பீக்கர்களை உயரத்தில் தொங்கவிட்டு நடு அரங்கைப் பார்த்துத் திருப்பி வைத்திருப்பார்கள். பாடகரின் குரல் நம் தலைக்கு மேலே பறந்துபோய்ப் பின்னால் இருப்பவர்களிடம் விழும். முன்னால் இருப்பவர்களுக்குக் கிடைப்பது டிரம்ஸின் நேரடி அடியும், மேடைக்குக் கீழே வைத்திருக்கும் தடித்த ஸ்பீக்கர்களின் உறுமலும்தான். ஆனாலும் மறுபடி வாய்ப்புக் கிடைத்தால் நான் முன்வரிசையில்தான் உட்காருவேன். பந்திக்கு முந்து என்று சும்மாவா சொன்னார்கள்.

தண்ணீர் வைத்ததற்கு நன்றி. முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். மறதி, கவனக்குறைவு என்ற சொற்களை எங்கேயும் எழுதாதீர்கள். 'அக்கா ஏதோ அவசரத்துல விட்டுட்டா' என்று என் தங்கை உங்களிடம் சொல்லியிருக்கிறாளாம். இத்தனை வருட வேலையில் நான் ஒன்றையும் அவசரத்தில் விட்டதில்லை. அவள் என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கென்னவோ அவள் என் வேலையைக் கேவலப்படுத்துவதாகத்தான் தெரிகிறது.

நான் காது அச்சு எடுப்பவள். காது கேட்கும் கருவி விற்கும் ஒரு மையத்தில் பின்பக்க அறை என்னுடையது. ஜன்னலோரம் ஒரு மேசை, கழுத்து வளையும் விளக்கு, பல் வைத்தியரிடம் இருப்பது மாதிரி ஒரு சிறிய ராவும் எந்திரம். வருகிறவரின் காதுக்குள் முதலில் நூல் கட்டிய பஞ்சு உருண்டை ஒன்றைத் தள்ளி வைப்பேன். பிறகு இரண்டு பசைகளைச் சேர்த்துப் பிசைந்து குழாயால் உள்ளே செலுத்துவேன். சற்று நேரத்தில் அது இறுகிவிடும். உருவி எடுத்தால் அந்தக் காதின் உட்புறம் அப்படியே கையில் இருக்கும். ஒருவர் காது இன்னொருவருக்குப் பொருந்தாது. ஒரே ஆளின் இடது காது அச்சு வலது காதில் ஏறாது. அதனால்தான் எங்கள் தொழிலில் வலதுக்குச் சிவப்பு, இடதுக்கு நீலம் என்று நிறம் பிரித்து வைத்திருக்கிறோம்.

பாட்டுக்காரர்களுக்கும், எந்திரச் சத்தத்தில் வேலை செய்பவர்களுக்கும் இயர் பிளக்கும் செய்து கொடுக்கிறேன். கடையில் விற்கும் பஞ்சு பிளக் எல்லாவற்றையும் ஒரேயடியாக அடைத்துவிடும். நான் செய்வதில் நடுவே ஒரு துளை இருக்கும். அந்தத் துளையில் பயறு அளவு ஒரு ஃபில்டர். வெளியே பார்த்தால் சட்டைப் பொத்தான், உள்ளே மெல்லிய சவ்வு. சத்தத்தைக் குறைக்கும், பாட்டைக் கெடுக்காது. காதில் மாட்டிவிட்டு, சத்தம் குறைகிறதா என்று பின்னால் நின்று விரலைச் சொடுக்கிப் பார்ப்போம். அதுதான் எங்கள் வழக்கம். பிறகு நடுவில் நிறுத்தி விளக்க வேண்டாமே என்றுதான் இதையெல்லாம் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தங்கை என்னைவிட நான்கு வயது சின்னவள். வீட்டில் அவளைக் குருவி என்போம். எப்போதும் ஏதாவது பாடிக்கொண்டே இருப்பாள். 'மூத்தது மோழை, இளையது காளை' என்று அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். நானும் சிரிப்பேன். அம்மாவிடம் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை. பழமொழியை அம்மாவா கண்டுபிடித்தாள்.

ஆனால் அந்த ராக் குழுவை வீட்டுக்குள் கொண்டுவந்தவள் நான். இதை நீங்கள் அழுத்தமாக எழுதிக்கொள்ளலாம். பள்ளிக்கூடக் காலத்தில் ஒரு தோழியிடமிருந்து அவர்களுடைய கேசட்டை இரவல் வாங்கி வந்தேன், திருப்பிக் கொடுக்கவே இல்லை. பாடகனை ரசிகர்கள் எல்லோரும் 'தொண்டை' என்பார்கள். அவன் கத்தினால் இப்போது கிழிந்துவிடும், இப்போது கிழிந்துவிடும் என்று இருக்கும், கிழியாது. அவன் என்று சொல்வதற்கு மன்னியுங்கள். கடவுளையும் பாடகனையும் மனத்துக்கு நெருக்கமானவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். தங்கை எப்போதும் 'அவர்' என்றுதான் சொல்வாள். வரிகளை ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்தி அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். எங்கே மூச்சு எடுக்க வேண்டும் என்பதையும் நான்தான் சொன்னேன். குரல் மட்டும் அவளுடையது.

எங்களுக்கு முதன்முதலாக முன்வரிசை கிடைத்தது ஒரு நடுத்தரமான அரங்கத்தில். இடது ஓரத்தில் கடைசி இரண்டு நாற்காலிகள். அங்கே மேடைக்குப் பக்கவாட்டில் இடம் போதாமல், மேடைச் சத்தத்தைக் கவனிக்கும் சவுண்டுக்காரரின் மேசையைக் கீழேயே போட்டிருந்தார்கள். என் முழங்கை இடிக்கும் தூரத்தில் அவர் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். எனக்கும் ஒன்று நீட்டினார். வேண்டாம் என்றேன். அன்றைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி வேலைக்கு லீவு போட்டிருந்தேன். அப்போதிருந்த மேலாளர் ஒரு சிடுமூஞ்சி, ஏற்கெனவே ஒருத்தியைப் பொய் லீவுக்காக வீட்டுக்கு அனுப்பியவர். அதனால் தங்கையிடமும் வாயைத் திறக்காதே என்று சொல்லி வைத்திருந்தேன். இருவர் காதிலும் நான் செய்த பிளக். அவள் அதை நோண்டிக்கொண்டே இருந்தாள்.

அவ்வளவு பக்கத்திலிருந்து பார்ப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் அவர்கள் படம். பக்கத்தில் பார்த்தால் ஆட்கள். கிட்டார்க்காரனின் கட்டை விரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. டிரம்ஸ் குச்சியின் சிம்பு ஒன்று தெறித்து என் மடியில் விழுந்தது. தொண்டையின் ஒரு ஷூவில் நாடா இல்லை. அவன் தலையை உதறியபோது வியர்வை என் கன்னத்தில் பட்டது, நான் துடைக்கவில்லை. அடி ஒவ்வொன்றும் தரை வழியாக நாற்காலிக்கு வந்து, நாற்காலியிலிருந்து விலா எலும்புக்கு ஏறியது. நான் ஒரு சொல் விடாமல் பாடிக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

அப்போது அவன் மேடையின் இடது ஓரத்துக்கு வந்தான். ஒரு கையால் காதைத் தொட்டான். மறு கையின் விரலை நேராக என் பக்கம் நீட்டினான். பிறகு அந்த விரலை மேலே உயர்த்தினான். வா, மேலே வா. எனக்குப் புரியவில்லை என்று நினைத்தானோ என்னவோ, மறுபடியும் அதையே செய்தான். காதைத் தொட்டது எதற்கு என்று எனக்கு அப்போதே புரிந்தது. நான் காது வேலை செய்பவள். எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள், சில விஷயம் பார்த்தாலே தெரிந்துவிடும். பக்கத்திலிருந்த சவுண்டுக்காரர்கூட அந்த நேரம் பார்த்துத் தன் பொத்தான்களின் மேல் குனிந்துகொண்டார். நல்ல மனிதர், நடுவில் மறைக்க வேண்டாம் என்று நினைத்திருப்பார்.

நான் எழப் போனேன். தங்கை என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, பிளக் விழுந்துடுச்சு."

"எது?"

"நீல கலரு. கீழ எங்கயோ உருண்டுடுச்சு. காது வலிக்குதுக்கா."

குனிந்தேன். நாற்காலிக்கு அடியில் கையால் துழாவினேன். யாரோ சிந்திய குளிர்பானத்தில் தரை பிசுபிசுத்தது. முன்கால் ஒன்றின் பக்கத்தில் பிளக் அகப்பட்டது. எடுத்து, புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு நிமிர்ந்தால் பக்கத்து நாற்காலி காலி. தங்கை மேடைமேல் நின்றாள். தொண்டை அவள் தோளில் கையைப் போட்டு மைக்கை அவள் வாயருகே பிடித்திருந்தான். நான் சொல்லிக்கொடுத்த இடத்தில் சரியாக மூச்சு எடுத்து அவள் பாடினாள். அரங்கம் எழுந்து நின்றது. நானும் எழுந்து நின்றேன். கையில் பிளக் இருந்தது. குனியக் குனியக் குட்டுவார்கள் என்பார்கள், நான் ஒரே ஒரு முறைதான் குனிந்தேன்.

திரும்பி வந்து மூச்சிரைக்கச் சொன்னாள். "கை நீட்டினாருக்கா, செக்யூரிட்டி கார்டு என்னைத் தூக்கி விட்டுட்டான். நீ கீழ இருந்தே. நான் கூப்பிட்டேன், உனக்குக் கேக்கல."

கேட்கவில்லைதான். என் பிளக் நன்றாகச் செய்தது.

அதை யாரோ போனில் எடுத்த வீடியோ போகாத இடமில்லை. ஒரு வாரத்துக்குள் ஏதோ ஒரு சேனலில் அவளை உட்காரவைத்துக் கேட்டார்கள். மையத்தில் டீ நேரத்தில், வரவேற்பில் இருக்கும் பெண் தன் போனில் அதைப் போட்டுக் காட்டினாள். யாரோடு போனீர்கள் என்று கேட்கிறார்கள். என் தங்கை கண்ணை இமைக்காமல் சொல்கிறாள்: "தனியாத்தான் போயிருந்தேன்."

"உங்க தங்கச்சிதானே?" என்றாள் வரவேற்புப் பெண். "உங்களைக் கூட்டிட்டுப் போகலையா?"

மேலாளர் பக்கத்தில் நின்று டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

"எனக்கு இந்த மாதிரிப் பாட்டெல்லாம் பிடிக்காது" என்றேன்.

அதற்குப் பிறகு அந்தக் கதை ஊரறிந்த கதையாகிவிட்டது. தனியாகப் போன பெண், கூட்டத்திலிருந்து ஒரு விரல் அழைத்த பெண். குழுவில் கூடப் பாட அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். கல்யாணத்தின்போது மாப்பிள்ளை வீட்டார் கேட்டதற்கும் அதையே சொன்னாள். நான் தட்டை ஏந்தியபடி பக்கத்தில் நின்றேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏன் அவளிடமே கேட்கவில்லை என்கிறீர்கள். கேட்டிருக்கலாம். கேட்டால் ஏதாவது ஒரு காரணம் சொல்லியிருப்பாள். காரணத்தைக் கேட்டுக்கொண்ட பிறகு கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது. எனக்கு அந்தக் கோபம் வேண்டியிருந்தது. எட்டு வருடம் அதை வைத்துக்கொண்டுதான் காலையில் எழுந்தேன், சமைத்தேன், வேலைக்குப் போனேன். பழிவாங்க வேண்டும் என்று தோன்றியது. அதை மறைக்கவில்லை.

போன வருடம் குழு தன் கடைசிச் சுற்றுப்பயணத்தை அறிவித்தது. தங்கை ஒரு பை நிறையப் பழங்களோடு என் அறைக்கு வந்தாள்.

"அக்கா, புதுசா ஒரு ஜோடி பிளக் பண்ணிக் குடு. பழசு லூசா இருக்கு. இந்தத் தடவை டிரம்ஸ் பக்கத்துலயே நிக்கணுமாம்."

"தன் பாட்டு தனக்குக் கேக்கணும்னு தொண்டை காதுல மெஷின் மாட்டியிருக்கான்ல, உங்களுக்குக் கிடையாதா?"

"அவருக்கு மட்டும்தான். எங்களுக்கெல்லாம் தரையில பழைய ஸ்பீக்கர்தான். அதான் சொல்றேன், காது போயிடும் போலிருக்கு."

"போகாது. உக்காரு" என்றேன்.

அவள் காதுக்குள் பஞ்சு உருண்டையைத் தள்ளினேன். பசை இறுகும் வரை அவள் சும்மா இருக்க வேண்டும், பேசினால் தாடை அசைந்து அச்சு கெட்டுவிடும். என் இடுப்பில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். சின்ன வயதில் பேன் பார்க்கும்போதும் அப்படித்தான் சாய்வாள். அவள்மேல் எனக்கு அன்பு இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சிவப்பு பிளக்கை ஒழுங்காகச் செய்தேன். நீலத்தையும் ஒழுங்காகத்தான் செய்தேன். அளவு, வழவழப்பு, விளிம்பு எல்லாம் சரியாக இருந்தன. ஃபில்டரை மாட்டும்முன் ஒரு ஊசியால் அதன் உள் சவ்வைச் சுற்றிக் கீறி எடுத்துவிட்டேன். வெளியே பொத்தான் அப்படியே இருந்தது. உள்ளே வெறும் துளை. இடது காதுக்கு மட்டும்தான் செய்தேன் என்பதைக் கவனியுங்கள். அன்று விழுந்தது இடது பிளக். கணக்குக்கு மேல் எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

மாட்டிவிட்டு, வழக்கப்படி பின்னால் நின்று விரலைச் சொடுக்கினேன். மற்றவர்களுக்குச் சொடுக்குவதைவிட மெதுவாக.

"இந்தப் பக்கம் கொஞ்சம் தெளிவா இருக்குக்கா."

"புது மாடல். பாட்டு நல்லாக் கேக்கும். ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா சுதி பிடிக்கக் கஷ்டமா இருக்கும்னு ஒண்ணைத் தெளிவா வச்சிருக்கேன்."

"நீ சொன்னா சரி" என்றாள். என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள்.

எனக்கு எல்லா நிகழ்ச்சிக்கும் முன்வரிசைப் பாஸ் கொடுத்தாள். போகாமல் இருப்பது மரியாதை இல்லை. வார இறுதிகளில் பஸ் பிடித்துப் போனேன். என் காதில் என் பழைய ஜோடி இருந்தது, சவ்வோடு. டிரம்ஸ் அவளுக்கு இடது பக்கம். அவள் நீல பிளக்கும் இடது பக்கம். டிரம்ஸ்காரன் பெரிய தட்டை அடிக்கும்போதெல்லாம் அவள் கண் லேசாகச் சுருங்குவதை அவ்வளவு பக்கத்திலிருந்து பார்க்க முடிந்தது. பின்வரிசைக்காரர்களுக்கு அது தெரிந்திருக்காது. நான் ஒவ்வொரு பாட்டுக்கும் கை தட்டினேன். நன்றாகத்தான் பாடினாள்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு காலையில் வந்தாள். "அக்கா, இடது காதுல விசில் மாதிரி ஒரு சத்தம். நிக்கவே மாட்டேங்குது. தூங்கும்போதும் இருக்கு."

காது சோதிக்கும் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்தேன். ஹெட்போனை மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்தேன். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து நான் மெல்லிய சத்தங்களை ஒவ்வொன்றாக அனுப்பினேன். தாழ்ந்த சத்தத்துக்கு உடனே அமுக்கினாள். மேலே போகப் போகத் தாமதித்தாள். உச்சத்தில் நான் அனுப்பிக்கொண்டே இருந்தேன். அவள் கையில் பொத்தானை வைத்துக்கொண்டு, கேட்கப் போகும் ஒன்றுக்காக என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே காத்திருந்தாள்.

திரையில் கோடு சரிந்து கிடந்தது. அப்போது உண்மையைச் சொல்லியிருந்தால் பாதிப்பு அங்கேயே நின்றிருக்கும். காதின் உட்புறத்தில் போனது திரும்பாது, ஆனால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். இது எங்களுக்கு முதல் பாடம். வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்புவேன்.

"களைப்புதான். தூக்கமில்ல உனக்கு. ரெண்டு நாள் ஓய்வெடுத்தா சரியாப் போயிடும்" என்றேன்.

"பயந்தே போயிட்டேன். நல்லவேளை நீ இருக்கே" என்று கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

அவள் போன பிறகு நான் ஒரு நல்ல ஃபில்டரை எடுத்து மேசை இழுப்பறையில் தனியாக வைத்தேன். அடுத்த தடவை நீல பிளக்கை வாங்கி மாற்றிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அந்த இழுப்பறையை நீங்கள் திறந்து பார்த்தால் அது இன்னும் அங்கே இருக்கும். என் மனம் கல் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த வாரக் கடைசியில் நிகழ்ச்சி. முன்வரிசையில் நான். பாட்டுக்கு நடுவே தொண்டை மைக்கை அவளிடம் கொடுத்தான். இதுவே கடைசிப் பயணம், இரண்டு வார்த்தை பேசு என்றான். அவள் முன்னால் வந்தாள். என் முழங்காலுக்கும் அவள் செருப்புக்கும் இடையே ஒரு கம்பித் தடுப்புதான்.

"எட்டு வருஷத்துக்கு முன்னாடி நானும் உங்களை மாதிரி இப்படி முன்வரிசையில உக்காந்திருந்தேன்" என்றாள். "தனியா வந்திருந்தேன். இன்னைக்கும் இங்க யாராவது தனியா வந்திருந்தா, இந்தப் பாட்டு உங்களுக்கு."

கூட்டம் கூச்சலிட்டது. அவள் நேராக என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு கேட்டபோது, "மேல இருந்து பாத்தா முன்னாடி உக்காந்திருக்கிற யாரையுமே தெரியாதுக்கா, முகத்துல அடிக்கிற லைட்டு மட்டும்தான் தெரியும்" என்றாள். அது அவள் சொன்னது. நான் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

மறுநாள், விசில் சத்தம் இன்னும் போகவில்லை, பிளக்கைக் கொஞ்சம் பார்த்துக் கொடு என்று ஜோடியாகக் கொண்டுவந்து கொடுத்தாள். பார்த்துக் கொடுத்தேன். சிவப்பின் சவ்வையும் எடுத்துவிட்டேன். ஊசி அதே ஊசி. இந்த முறை சொடுக்கிப் பார்க்கவில்லை.

மீதியை நீங்கள் விசாரித்திருப்பீர்கள். சில வாரங்களில் சுதி விலக ஆரம்பித்தாள். முதலில் நான் மட்டும் கவனித்தேன், பிறகு கிட்டார்க்காரன் திரும்பிப் பார்த்தான், அப்புறம் முன்வரிசை முழுக்க ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. ஒரு பாட்டின் நடுவில் பாடுவதை நிறுத்திவிட்டு, மைக்கைக் கீழே இறக்கி, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். தொண்டை அவளைத் தோளோடு அணைத்து உள்ளே அழைத்துப் போனான். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு காது டாக்டர், பிளக்கை வாங்கி விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாராம். மறுபக்கம் தெரிந்ததாம். அவ்வளவுதான்.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்று ஒரு பழமொழி. வேலையிடத்தில் நான் அதைச் சொல்லவே மாட்டேன், வருகிறவர்கள் மனம் நோகும். இப்போது வீட்டிலும் சொல்ல முடியாது.

நேற்று அவளை என்னைப் பார்க்க அனுமதித்தீர்கள். இந்த மேசைக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்தாள். மெலிந்திருந்தாள். தேவைக்கு மேல் சத்தமாகப் பேசினாள். தன் குரல் தனக்குக் கேட்காதவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். வாசலில் நின்ற காவலர் திரும்பிப் பார்த்தார். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டாள். தனியாகத்தான் போனேன் என்று ஏன் சொன்னாய் என்று நான் கேட்டேன். என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது தடவை சொன்ன பிறகு புரிந்தது.

"நீ லீவு போட்டிருந்தேக்கா" என்றாள். "உடம்பு சரியில்லைன்னு சொல்லிட்டு வந்திருந்தே. நீதானே சொன்னே, வாயைத் திறக்காதே, வேலை போயிடும்னு. அதான் தனியா வந்தேன்னு சொன்னேன். ஒரு தடவை அப்படிச் சொல்லிட்டேன், அப்புறம் எல்லாரும் அதையே கேட்டாங்க, மாத்திச் சொன்னா பொய்யாயிடுமேன்னு அப்படியே விட்டுட்டேன். உனக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்."

அழுதாள். நான் சொன்னது உண்மைதான், அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தேன். ஆனால் அந்தச் சிடுமூஞ்சி மேலாளர் மறு வருடமே வேலையை விட்டுப் போய்விட்டார். அது அவளுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். நான் சொன்னேனா என்று சரியாக நினைவில்லை. பதில் சொல்ல ஆரம்பித்தேன். அவள் வலது காதைத் திருப்பி என் பக்கம் நீட்டினாள். அந்தக் காது இன்னும் கொஞ்சம் கேட்கிறது. நான் திரும்பச் சொல்லவில்லை.

அந்தச் சவுண்டுக்காரரையும் நீங்கள் தேடிப் பிடித்து விசாரித்ததாகச் சொன்னீர்கள். காதைத் தொட்டு விரலை மேலே காட்டினால், 'என் குரலைக் கொஞ்சம் கூட்டு' என்று அர்த்தம், அன்றைக்கு அவன் காட்டியது என் பக்கத்திலிருந்த தன்னைத்தான் என்று அவர் சொல்கிறாராம். பாட்டின் கடைசியில் அவன் சும்மா கையை நீட்டியதாகவும், நின்றுகொண்டிருந்த யாரோ ஒரு பெண்ணைக் கார்டு தூக்கி விட்டதாகவும் சொல்கிறாராம். அந்தச் சைகை எனக்குத் தெரியாதா. என் மேசைக்கு வரும் பாட்டுக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் காட்டுவார்கள். ஆனால் அவர் அப்போது பொத்தானைப் பார்த்துக் குனிந்திருந்தார். பார்த்துக்கொண்டிருந்தது நான்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். நீலத்தை நான்தான் திறந்தேன், சிவப்பையும் நான்தான் திறந்தேன். சோதனையில் தெரிந்த பிறகும் அவளைத் திரும்ப மேடைக்கு அனுப்பினேன். தெரிந்தே செய்தேன், நிதானமாகச் செய்தேன். இதில் மறதி எதுவும் கிடையாது.

அன்று நாற்காலிக்கு அடியில் எடுத்த அந்தப் பழைய நீல பிளக்கை, அவளுக்கு அப்போதே வேறு செய்து கொடுத்துவிட்டு நானே வைத்துக்கொண்டேன்; என் கைப்பையில் இருந்தது, நீங்கள் வாங்கி வைத்திருக்கிறீர்கள். முடிந்தால் திருப்பிக் கொடுங்கள். அவள்மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. அன்று நான் குனியாமல் இருந்திருந்தால் மேடைக்குப் போயிருப்பது நான். அவள் எட்டு வருடம் கீழே உட்கார்ந்து என்னைப் பார்த்திருப்பாள். இன்றைக்கு இந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்து இதையெல்லாம் உங்களிடம் சொல்லிக்கொண்டிருப்பாள். எனக்குக் காது கேட்காமல் போயிருக்கும்.